பன்னிரண்டாவது உறுதிமொழி

அந்த வீட்டில் பதினான்கு வருடங்களாக யாரும் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. சாயங்காலம் வரும்போது பால் வாங்கி வருவாயா என்று கணவன் கேட்டால், "கோரிக்கை கவனத்துக்கு வந்திருக்கு" என்பாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மின்விசிறியைத் துடைத்துத் தருவீர்களா என்று மனைவி கேட்டால், கணவன் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வான். பால் வந்துவிடும். மின்விசிறியும் பளிச்சென்று சுற்றும். ஆனால் முன்கூட்டி ஒரு வார்த்தை, ஊஹூம்.

"அம்மா மழுப்புறாங்க, அப்பா எழுதி வச்சுக்கிறாரு. இந்த வீட்டுல நான் ஒருத்திதான் எதிர்க்கட்சி" என்று ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் பள்ளித் தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

எல்லாம் தொழில் செய்த வேலை. மனைவி போக்குவரத்துத் துறையில் பிரிவு அலுவலர். சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் கேள்வி அனுப்பினால், அமைச்சர் எழுந்து நின்று வாசிக்க வேண்டிய பதிலை எழுதுவது அவள் வேலை. பதில் பொய்யாக இருக்கக் கூடாது. அவையில் பொய் சொன்னால் அமைச்சரின் தலை உருளும். முழு உண்மையாக இருந்தாலோ செயலாளரின் நாற்காலி ஆடும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. அதில் அவள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பாள். அவளுடைய பதிலைப் பிடிக்கப் பார்த்தவர்கள் கையில் வழவழப்பைத் தவிர எதுவும் ஒட்டியதில்லை. ஆறு மாடிக் கட்டடம் முழுக்க அவளுக்கு வெண்டைக்காய் என்று பெயர். முகத்துக்கு நேராக மேடம்.

கணவனுக்கு அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே, சட்டமன்ற உறுதிமொழிக் குழுவில் எழுத்தர் வேலை. அமைச்சர்கள் அவையில் வாய்தவறிக் கொடுக்கிற வாக்குகளைப் பிடிப்பதுதான் அந்தக் குழுவின் பிழைப்பு. அவனிடம் அச்சடித்த பட்டியல் ஒன்று இருந்தது. முப்பத்து நான்கு சொற்றொடர்கள். 'ஆவன செய்யப்படும்', 'பரிசீலிக்கிறோம்', 'விரைவில்', 'பார்க்கலாம்'. இவற்றில் எதை ஓர் அமைச்சர் உதிர்த்தாலும் அது அரசின் உறுதிமொழி. எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிடுவான். பிறகு நிறைவேற்றிக் காட்டும்வரை அந்தத் துறைக்குத் தூக்கம் கிடையாது. கேள்வி நேரத்தில் மாடத்தின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலோடு அசையாமல் உட்கார்ந்திருப்பான். மீன் தலை நீட்டியதும் ஒரே கொத்து. அவனுக்குக் கொக்கு என்று பெயர்.

வெண்டைக்காயும் கொக்கும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அலுவலக உணவகத்தில் பந்தயம் கட்டாத ஆளில்லை. அவர்கள் நன்றாகவே நடத்தினார்கள். வாக்குக் கொடுக்காத வீட்டில் ஏமாற்றம் என்று ஒன்று வருவதில்லை. அலுவலகப் பேச்சு வீட்டுக்குள் வரக் கூடாது என்பது மட்டும் அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

புது அமைச்சர் வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

புது அமைச்சர் அதற்கு முன் கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை விற்றுக்கொண்டிருந்தவர். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. கடையில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் "செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்துரும்" என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் ஓட்டியவர். அதே வாயோடு அவைக்கு வந்தார். எட்டே மாதத்தில் பதினோரு உறுதிமொழிகள் விழுந்தன. எந்த மலைக்கிராமத்துக்கோ பேருந்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்; அங்கே சாலையே இல்லை. பதினொன்றையும் வெண்டைக்காய்தான் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துக் கொடுத்தாள், அந்தச் சாலை உட்பட. கடைசி உறுதிமொழி முடிந்த அன்று செயலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"பன்னிரண்டுன்னு ஒண்ணு விழக் கூடாது" என்றார், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே. "விழுந்தா யாராவது ஒருத்தர மாத்தியாகணும். அமைச்சர மாத்துற அதிகாரம் எனக்கில்ல."

"எங்க சார் மாத்துவீங்க?"

"வடகோடிப் பணிமனைல ஓர் இடம் காலியா இருக்கு."

வடகோடிப் பணிமனை பேருந்தில் பதினோரு மணி நேரம். பழைய டயர்களை எண்ணி அடுக்கி வைக்கிற வேலை. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. வந்து திரும்பவே அந்த ஒரு நாள் சரியாகிவிடும். ஆக, மகளைப் புகைப்படத்தில் பார்க்க வேண்டியதுதான். கொக்கையும்.

அந்த வாரமே நர்ஸம்மாவிடமிருந்து கேள்வி வந்தது.

நர்ஸம்மா எதிர்க்கட்சி வரிசையில் இரண்டாவது பெஞ்சு. அரசியலுக்கு வருமுன் இருபத்தாறு வருடம் பிரசவ அறையில் வேலை பார்த்தவர். அவர் கத்தியோ மேசையைத் தட்டியோ யாரும் பார்த்ததில்லை. வெளியே வர வேண்டியது வரும்வரை காத்திருக்கத் தெரியும், அவ்வளவுதான். சின்னதாக ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்ததும் உட்காராமல், சிரித்த முகத்தோடு நின்றுகொண்டே இருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் மூன்று அமைச்சர்கள் என்னென்னவோ உளறியிருக்கிறார்கள்.

கேள்வி ஒரு பேருந்து நிறுத்தத்தைப் பற்றியது. அரசு மருத்துவமனை வாசலில் இருந்த நிறுத்தத்தைச் சாலை வேலைக்காக இரண்டு வருடத்துக்கு முன் தற்காலிகமாகத் தள்ளி வைத்தார்கள். சாலை வேலை எப்போதோ முடிந்துவிட்டது. நிறுத்தம் மட்டும் தள்ளி வைத்த இடத்திலேயே நின்றது. காரணம் எல்லோருக்கும் தெரியும், எந்தக் கோப்பிலும் கிடையாது. அப்போதைய அமைச்சர் புது இடத்தில் தன் படம் போட்டு ஒரு நிழற்குடை கட்டித் திறந்து வைத்திருந்தார். நிறுத்தம் போனால் நிழற்குடை எதற்கு, நிழற்குடை போனால் படம் எங்கே என்று ஒரு சிக்கல். ஆட்சி மாறியும் அதில் கை வைக்க ஆளில்லை. இதைப் பற்றி வெண்டைக்காய் ஏற்கெனவே நான்கு முறை பதில் எழுதியிருந்தாள். நான்கிலும் தூரம் 'சுமார் அரைக் கிலோமீட்டர்'.

ஐந்தாவதையும் எழுதிக்கொண்டு, அமைச்சரை மூன்று நாள் ஒத்திகைக்கு உட்கார வைத்தாள். அவளே நர்ஸம்மாவாக எதிரில் நின்றாள்.

"அமைச்சர் அவர்களே, நிறுத்தத்த பழைய இடத்துக்கே மாத்துவீங்களா?"

"கண்டிப்பா பண்ணிரலாம்மா" என்றார் அமைச்சர்.

"ஐயா."

"சொல்லக் கூடாதா?"

"கண்டிப்பாவும் பட்டியல்ல இருக்கு, பண்ணிரலாமும் இருக்கு. ஒரே மூச்சுல ரெண்டு."

"சரி, முயற்சி பண்றோம்."

"பதினேழாவது."

"பாக்கலாம்?"

"இருபத்தொண்ணு."

அமைச்சர் நாற்காலியில் சரிந்தார். "அப்ப மனுஷன் என்னதாம்மா சொல்றது? அந்தம்மா அப்படியே பாத்துக்கிட்டு நிப்பாங்க. எனக்கு எங்க பெரியக்கா நிக்கிற மாதிரி இருக்கும்."

"ஒண்ணும் சொல்லாதீங்க. தண்ணி குடிங்க."

"குடிச்சு முடிச்சப்புறம்?"

இங்கேதான் அவள் கோட்டை விட்டாள். பதினான்கு வருட அனுபவமும் அந்த ஒரு நிமிடம் எங்கேயோ தேநீர் குடிக்கப் போயிருந்தது போல. "லேசா தலையாட்டுங்க" என்றாள். "கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். சுருக்கெழுத்துக்காரங்க காதுல விழுறதத்தான் எழுதுவாங்க. தலையாட்டுறது எந்தக் காதுலயும் விழாது."

அமைச்சர் ஆட்டிப் பார்த்தார். அழகாகவே ஆட்டினார்.

அன்றைக்கு நர்ஸம்மாவின் கேள்வி ஆறாவது. கேள்வி நேரம் பதினோரு மணிக்கு முடியும். அதுவரை இழுத்துவிட்டால் ஆறாவது கேள்வி எழுத்து மூலம் பதிலாகி யாரும் படிக்காத காகிதக் கட்டில் போய்ச் சேரும். அதற்காக ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் பேருந்துகளுக்கு அடித்திருக்கும் நீல நிறத்தைப் பற்றி ஒன்பது நிமிடம் பாராட்டினார். வானம், கடல், மயில் கழுத்து எல்லாம் வந்தன. இன்னொருவர் நடத்துநர்களின் புன்னகையைப் பற்றிப் பேச எழுந்தார். நடத்துநர் புன்னகைத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் சரக்கு இல்லை. பத்து ஐம்பத்தைந்துக்கு ஆறாவது கேள்வி வந்துவிட்டது.

வெண்டைக்காய் அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர் மாடத்தில் கொக்கு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காலையில் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர்கள்.

அமைச்சர் தாளைப் பார்த்து வாசித்தார். "நிறுத்தம் தற்காலிகமாக இடம் மாற்றப்பட்டது உண்மையே. பயணிகளின் வசதி அரசின் தொடர் கவனத்தில் உள்ளது."

நர்ஸம்மா எழுந்தார். "ரெண்டு வருஷம் தற்காலிகம்னா, பத்து மாசம் சுமக்குறத எந்தக் கணக்குல சேக்குறது?"

பின் வரிசையிலிருந்து ஆளுங்கட்சிக் குரல் ஒன்று கேட்டது. "அந்த நிழற்குடையில யார் போட்டோ இருக்குன்னு கேளுங்க."

"எங்க ஆளு போட்டோதான்" என்றார் நர்ஸம்மா, திரும்பாமலே. "நிறுத்தத்தத் தூக்குறப்ப அவரையும் சேர்த்துத் தூக்குங்க. நான் வேணாங்கல." முன் வரிசையில் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரரான முன்னாள் அமைச்சர் காதில் விழாத மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "ஒரே ஒரு துணைக் கேள்வி. பழைய இடத்துக்கு மாத்துவீங்களா, மாட்டீங்களா?"

கேட்டுவிட்டு நின்றார்.

அமைச்சர் தண்ணீர் குடித்தார். நர்ஸம்மா சிரித்த முகத்தோடு பார்த்தார். அமைச்சர் இரண்டாவது டம்ளரையும் குடித்தார். மூன்றாவது டம்ளரைச் சாய்த்தபோது அதில் ஒன்றுமில்லை. இருந்தாலும் மரியாதைக்காக அதையும் குடித்தார். மேலே ஒரு மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டது.

அமைச்சர் லேசாகத் தலையாட்டினார்.

நர்ஸம்மா இன்னும் கொஞ்சம் சிரித்தார். அதற்கு மேல் அமைச்சரின் கழுத்து அவர் பேச்சைக் கேட்கவில்லை. முப்பது வருடம் வாடிக்கையாளர்களைப் பார்த்து ஆடிய கழுத்து அது. மேலும் கீழுமாக, தாராளமாக, அளவெடுத்துக்கொண்டு வந்த புதுமணத் தம்பதியைப் பார்த்து ஆடுவது போல ஆடியது.

வெண்டைக்காய் ஒரு துண்டுச் சீட்டில் 'ஆட்டாதீர்கள்' என்று எழுதி அவைக்காவலரிடம் கொடுத்தாள். அவைக்காவலர் சீட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு விதிப்படி மெதுவாக நடந்தார்.

"தலைவர் அவர்களே" என்றார் நர்ஸம்மா. "அமைச்சர் தலையாட்டுறார். அவைக்குறிப்புல ஏத்தணும்."

சபாநாயகர் வேறு ஏதோ யோசனையிலிருந்து திரும்பினார். "ஆட்டினாரா? நான் பாக்கலையே. அமைச்சர் அவர்கள் தயவுசெய்து இன்னொரு தடவ ஆட்டினா நல்லாருக்கும்."

அமைச்சர் சபாநாயகர் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை. ஆட்டினார். எதிர்க்கட்சி சிரித்தது. ஆளுங்கட்சி, தங்கள் அமைச்சர் எழுந்து நின்று ஏதோ செய்துவிட்டார் என்பதால், வழக்கப்படி மேசையைத் தட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே துண்டுச் சீட்டு போய்ச் சேர்ந்தது. அமைச்சர் அதைப் படித்துவிட்டு மாடத்தைப் பார்த்து, புரிந்தது என்பதற்கு அடையாளமாகத் தலையாட்டினார்.

கொக்கு பென்சிலை உயர்த்தியபடியே இருந்தான். பட்டியலைப் புரட்டினான். முப்பத்து நான்கும் வார்த்தைகள். கழுத்து எங்கேயும் இல்லை. பென்சிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனான்.

நான்காம் நாள் கீழ் மாடியிலிருந்து முறைப்படி தபால் பதிவேடு வழியாக ஒரு கடிதம் ஏறி வந்தது. 'அவைக்குறிப்பு பக்கம் அறுபத்தொன்றில், அமைச்சர் தலையசைத்தார் என்று இருமுறை பதிவாகியுள்ளது. இத்தலையசைப்பை உறுதிமொழியாகத் துறை கருதுகிறதா என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.' அடியில் இருந்த கையெழுத்து அவளுக்கு மிகவும் பழக்கமானது. மகளின் மதிப்பெண் அட்டையில் அவளுடையதற்குப் பக்கத்தில் இருப்பது.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவன், "கீரை நல்லாருக்கு" என்றான். அவள், "தெரிவிச்சதுக்கு நன்றி" என்றாள்.

செயலாளருக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. "மரியாதை நிமித்தமா ஆட்டினார்னு ஒரு வரி போட்டு அனுப்புங்க. உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

சொல்லித்தர வேண்டியதில்லை. வரி அவள் மனசில் அப்போதே தயாராக இருந்தது. 'அமைச்சரின் தலையசைவு, உறுப்பினரின் வினாவைச் செவிமடுத்ததன் அடையாளமேயன்றிப் பிறிதில்லை.' வாழ்நாளில் அவள் எழுதியதிலேயே வழுவழுப்பான வரி. எந்தப் பக்கம் பிடித்தாலும் நழுவும். அதை எழுதினால் டயர் எண்ண வேண்டியதில்லை. ஒரே ஓர் உறுத்தல். மழுப்பலாம், பொய் எழுதக் கூடாது. இத்தனை வருடத்தில் ஒரு பொய்கூட அவள் பேனாவிலிருந்து வந்ததில்லை. ஆகவே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுதிவிடலாம் என்று அமைச்சர் அறைக்குப் போனாள்.

"ஐயா, அன்னிக்கு ஏன் தலையாட்டினீங்க?"

"நீதானம்மா ஆட்டச் சொன்ன."

"அது சரி. ஆட்டுறப்ப மனசுல என்ன இருந்துச்சு?"

அமைச்சர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "ஆமான்னுதான் ஆட்டினேன். அந்தம்மா கேட்டது நியாயமா இல்லையா, நீயே சொல்லு. வயித்தப் புடிச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் நடப்பாங்க? வெளிய சொல்லிராதம்மா."

கேட்டிருக்கக் கூடாது. கேட்காத வரைக்கும் அந்த வரி மழுப்பலாக இருந்தது. இப்போது அது பொய்.

மதியம் சாப்பாட்டு வேளையில், விவரம் சரிபார்க்கப் போவதாகத் தட்டச்சரிடம் சொல்லிவிட்டு, அவள் மருத்துவமனைப் பேருந்தில் ஏறினாள். நான்கு பதில்கள் எழுதியும் அந்த இடத்தை அவள் பார்த்ததில்லை. நிழற்குடையில் முன்னாள் அமைச்சர் கும்பிட்டபடி நின்றார். அவருடைய நெற்றியில் காகம் தன் கடமையைச் செய்திருந்தது. அவளோடு நிறைமாதப் பெண் ஒருத்தியும் அவளுடைய நாத்தனாரும் இறங்கினார்கள். மேட்டுச் சாலை, மர நிழல் இல்லை. வெண்டைக்காய் காலடிகளை எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தாள். ஐந்நூறாவது அடியில் அந்தப் பெண் நின்றாள். எண்ணூறில் மறுபடி நின்றாள். அதற்கப்புறம் வெண்டைக்காய் அவர்கள் பையை வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். "நீங்க ஆபீஸ்காரங்களாக்கா? ஸ்டாப்ப மறுபடி வாசல்லயே வச்சிருவாங்களா?"

வெண்டைக்காய் வாயைத் திறந்தாள். பதினான்கு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "பயணிகளின் வசதி தொடர் கவனத்தில் உள்ளது" என்றாள்.

பெண் புரியாமல் பார்த்தாள்.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் நாத்தனார்.

"வைக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க போல."

மருத்துவமனை வாசல் வந்தபோது எண்ணிக்கை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அரைக் கிலோமீட்டரில் அத்தனை காலடி வராது. ஒரு முழுக் கிலோமீட்டர்.

அலுவலகம் திரும்பியதும் நாற்காலியில் சாயாமல் எழுதினாள். 'அமைச்சரின் தலையசைப்பு உறுதிமொழியே. தூரம் ஒரு கிலோமீட்டர். இரண்டு மாதங்களில் நிறைவேற்றப்படும்.' மூன்று வரி. வெண்டைக்காய் எழுதியதைச் செயலாளர் படிப்பதில்லை. படித்தாலும் அதில் எதுவும் இருக்காது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. பன்னிரண்டு பதிவாகிவிட்டது. மாற்றல் உத்தரவைத் தன் கையாலேயே எழுதி நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பினார். அது அன்று மாலையே ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. நிலுவையில் இருக்கும் உறுதிமொழியைக் கையாளும் அலுவலரை, அது நிறைவேறிவிட்டதாகக் குழு ஏற்கும்வரை மாற்றலாகாது என்று விதி இருக்கிறதாம். செயலாளர் தேதி போடாத உத்தரவை மேசை இழுப்பறையில் வைத்தார். "ஏத்துக்கிட்ட மறுநாள் தேதி போடுறேன்" என்றார்.

தட்டச்சர் அவள் மேசையருகே குனிந்து, "மேடம், இழுங்க" என்றாள். "உங்களுக்கா இழுக்கத் தெரியாது? ஓர் ஆறு வருஷம் இழுத்தா பாப்பா காலேஜுக்குப் போயிரும். அதுக்குள்ள இந்த ஆளும் ரிட்டயர் ஆயிருவாரு."

இழுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. சாலைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினால் அவர்கள் வரைபடம் கேட்பார்கள். வரைபடத்துக்கு அளவைத் துறை. அளவைத் துறையில் நில அளவர் மகப்பேறு விடுப்பிலோ மருத்துவ விடுப்பிலோ இருப்பார். இரண்டு கடிதம் போதும், பூமி சூரியனைச் சுற்றி வந்துவிடும். வெண்டைக்காய் மூன்று நாள் அந்த முதல் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தாள். நிறுத்தம் நகராத வரை அவள் வீட்டில் இருக்கலாம். நகர்ந்தால் பதினோரு மணி நேரம். நாலாம் நாள் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டுச் சாலைப் பொறியாளரின் அறைக்கே போய் நின்றாள். நின்றாள் என்றால், நர்ஸம்மா நிற்பது போல. கேட்டுவிட்டு, சிரித்த முகத்தோடு, பேசாமல். பதினைந்து நிமிடத்தில் அவர், "சரிம்மா, ஆளுங்கள அனுப்புறேன், போங்க" என்றார். பட்டியலில் அது இருபத்தாறாவது.

பத்தொன்பது நாளில் நிறுத்தக் கம்பம் மருத்துவமனை வாசலில் ஊன்றப்பட்டது. நிழற்குடையில் யாரும் கை வைக்கவில்லை. முன்னாள் அமைச்சர் ஆளில்லாத இடத்தில் கும்பிட்டுக்கொண்டே நின்றார். கம்பத்துக்கு வண்ணம் அடிக்கும்போது அவளும் பக்கத்தில் இருந்தாள், புடவையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. முதல் நாள் ஓட்டுநர் பழக்க தோஷத்தில் நிறுத்தாமல் போனார். இரண்டாவது பேருந்துக்கு அவள் சாலை நடுவிலேயே போய் நின்றுவிட்டாள். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "சாகுறதுக்கு வேற வண்டி கிடைக்கலையா" என்றார். "ஆஸ்பத்திரி வாசல்தானே, பரவால்ல" என்றாள் அவள். வண்டி நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள்.

நிறைவேற்ற அறிக்கையைப் புகைப்படத்தோடு கீழ் மாடிக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள். இரண்டு புடவைகளை மடித்து உள்ளே போட்டாள். மகள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போனாள். அது எதிர்க்கட்சிக்கே புதுசு. கணவன் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்ச் செய்தித்தாளை எடுத்தான். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான் என்று பிற்பாடு மகள் சொன்னாள். குழு எதுவும் கேட்காமல் பதினைந்து நாள் போனால், அறிக்கை ஏற்கப்பட்டதாகிவிடும். அவள் விதியைப் பார்த்து வைத்திருந்தாள்.

பதினைந்து நாளுக்குள் கீழிருந்து கடிதம் வந்தது. 'கம்பத்தின் உயரம் அறிக்கையில் குறிப்பிடப்படவில்லை.'

"உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா மேடம்?" என்றாள் தட்டச்சர். "நீங்க ஊரை விட்டுப் போற நேரத்துலயும் கொத்துறாரே."

வெண்டைக்காய்க்கும் சுருக்கென்றுதான் இருந்தது. அளவு நாடாவோடு போய் அளந்து, இரண்டு மீட்டர் நாற்பது என்று பதில் அனுப்பினாள். மறுபடி கடிதம் வந்தது. 'மேற்படி உயரம் தரைமட்டத்திலிருந்தா, நடைபாதை மட்டத்திலிருந்தா?' அதற்கும் பதில் எழுதினாள். மறுபடி ஒன்று. 'நிறுத்தப் பலகை எத்திசை நோக்கியுள்ளது?'

அன்றைக்குத்தான் மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பார்த்தாள். முதலாவது, அறிக்கை போன பதினான்காம் நாள். இரண்டாவது, அவள் பதில் போன பதினான்காம் நாள். மூன்றாவதும் பதினான்காம் நாள், மாலை நாலரை மணி முத்திரையோடு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோப்பைக்கூட மறுநாள் வரை மேசையில் கிடத்தி அறியாத கொக்கு. ஒரு கேள்விக்குறி குறைந்தாலும் மறு தபாலில் திருப்பி அனுப்புகிறவன்.

அவள் மூன்றையும் அடுக்கிக் கோப்பில் கட்டினாள். சாயங்காலம் வழக்கம்போல ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போனார்கள். வழியில் மருத்துவமனை வாசலில் பேருந்து நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அவன் வண்டியை மெதுவாக்கினான். வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்துவிட்டு, குளிர்காலப் போர்வைகளை வைத்து மூடினாள்.

நான்காவது கடிதமும் பதினான்காம் நாள் வந்தது. 'கம்பத்தின் நிறம் யாது?'

அந்த வண்ணம் பட்ட புடவையைத்தான் அன்று அவள் கட்டியிருந்தாள். எத்தனை துவைத்தும் முந்தானையில் போகாமல் நின்ற கறை. அதை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். இன்னொரு கேள்வி கேட்க இடம் வைக்க வேண்டுமே என்று கொஞ்சம் யோசித்து எழுதினாள்:

'ஏறத்தாழ மஞ்சள்.'